விஜயஸ்ரீ அண்ணாந்து குடித்த ஒயின்

பேட்டை விஜயஸ்ரீ வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹோட்டலில் ஏழு ஆண்டுகள் உணவு பரிமாறியவர். அங்கே ஒயின் ருசி பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் வேலை காலியானபோது அவரும் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு, காலை பத்தே முக்கால். ஒவ்வொருவர் முன்னும் ஆறு கிளாஸ். ஒயினை வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, எந்தத் திராட்சை என்று எழுதவேண்டும். ஐந்து விடைகளாவது சரியாக இருந்தால்தான் வேலை.

விஜயஸ்ரீ வீட்டுப் பழக்கத்தில் முதல் கிளாஸை அண்ணாந்து ஊற்றினார். ஒயின் நாக்கில் நிற்காமல் நேரே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

தேர்வு நடத்த வந்திருந்த மஹாலக்ஷ்மி நாங்குநேரிக்காரர். "ஏட்டி, இது என்ன மோரா? கிளாஸ்ல வாயை வச்சுக் குடி" என்றார்.

"எச்சில் பட்டிருமேக்கா?"

"எப்படியும் துப்பத்தானட்டி போற! இதுல என்ன எச்சில் பார்க்க?"

கூடமே சிரித்தது. விஜயஸ்ரீயும் சிரித்தார். மீதி ஐந்தும் தவறக்கூடாது. ஒவ்வொன்றையும் உதடு வைத்துப் பையப் பைய ருசித்தார். கடைசிக் கிளாஸுக்கு மட்டும் நான்கு நிமிடம் யோசித்தார்.

ஐந்தும் சரி. மார்ச் 4, திங்களன்று வேலையில் சேர்ந்தார். முதல் கிளாஸுக்கு அவர் எழுதியிருந்த விடை: "தெரியவில்லை, விழுங்கிவிட்டேன்."