ஆமை காட்டிய தண்ணீர்

எங்கள் கொல்லையில் கிணறு வெட்டும்போது கல்லாகிப்போன ஆமை ஒன்று கிடைத்தது. ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்களே தவிர, அதை நின்று பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

நான் சிறுவன். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் அப்போது கம்பெனி ஏது, ஷேர் ஆட்டோ ஏது? ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து இடுப்பு விட்டுப்போன அம்மா, அடம்பிடித்துத் தொடங்கவைத்த கிணறு அது. வெட்டியவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. ஏடு ஏடாக உரியும் வெளிர் கல்லில் கடப்பாறை இறங்கியபோது, முறம் அகலத்துக்கு ஓடு தெரிந்தது.

வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது, கிணற்றை உடனே மூடு என்றார் அப்பா.

"கல்லாப் பூட்ட ஆமை எங்க மாப்ள உள்ள வரப்போவுது?" என்றார் மாமா.

"கொல்ல மட்டும் வூட்ல சேத்தி இல்லியா?"

அம்மா குறுக்கே வந்தாள். "அது நம்ம வூட்டுக்கு வர்ல. நாமதான் அது வூட்டு மேல வூடு கட்டிக்கினு கீறோம். ஆமை இருந்த எடத்துல தண்ணி இல்லாம பூடுமா? நீ வெட்டுண்ணா."

மாமா மறுபடி குழிக்குள் இறங்கினார். கிணறு தொடர்ந்தது.

எதையும் எண்ணாமல் விடுகிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை. மேலே தூக்கிவைத்த ஆமையின் ஓட்டில் பதின்மூன்று கட்டங்கள். ஏரி ஆமைக்கும் அவ்வளவுதான். ஆனால் ஏரி ஆமைக்கு விரல்கள் குட்டை, தனித்தனி. இதற்கோ ஐந்தும் நீண்டு, ஒட்டி நெருங்கிக் கிடந்தன.

"மாமா, இதுக்குக் காலு துடுப்பு மாரி கீது."

"எண்றதுக்கு உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? மண்ணுக் கூடையப் புடிடா!"

தோண்டத் தோண்ட அதே வறண்ட கல். கடைசியில் மாமா கடப்பாறையைப் போட்டுவிட்டுப் போனார். அம்மா மறுபடி குடத்தை எடுத்தாள். ஆமையைக் குப்புறப் போட்டுத் துணி துவைத்தோம்.

பல வருஷம் கழித்து, நானும் கிழவனாகி, ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிய பிறகு, வெளியே கொட்டிய கல்லைப் பார்க்கத் தண்டலம் பக்கத்துக் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். எங்கள் துவைகல்லையும் புரட்டச் சொன்னாள். காலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா, இது கடல் ஆமை. ஏரி ஆமை சேத்துல நடக்கணும், அதுக்கு விரல் வேணும். இது நடக்கவே இல்ல, நீந்திக்கிட்டே இருந்திருக்கு. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் இருந்திருக்கு."

ஆக, அம்மா சொன்னதில் பிசகில்லை. இங்கே தண்ணீர் இருந்தது. குடிக்கிற தண்ணீர் அல்ல, அவ்வளவுதான்.

கிணறு வெட்டிய அந்தக் கடைசி நாள் மாலை, மாமா கடப்பாறையைப் போடுமுன், என்னைக் கயிற்றில் இறக்கி, சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். "ஈரம் கீதாடா?" என்று அம்மா மேலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒரு கடலின் தரையில் நிற்கிறேன் என்று தெரியாமல், புழுதி படிந்த கையைத் தூக்கிக் காட்டி, "ஒண்ணும் இல்லம்மா" என்று கத்தினேன்.