என்ரை பென்சனிலை வரியை வெட்டுங்கோ

என் முதல் ஓய்வூதியக் கடிதத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். மருத்துவக் காப்புறுதிக்கு வெட்டியிருந்தார்கள். முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்கு வெட்டியிருந்தார்கள். வருமான வரிக்கு மட்டும் ஒன்றும் வெட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போட்டிருப்பார்கள். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். மாதாமாதம் சம்பளச் சீட்டில் வருமான வரி இருக்கும், அதற்குக் கீழே கோயில் வரி இருக்கும். இந்த நாட்டில் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்களிடம் அரசாங்கமே கோயிலுக்கும் சேர்த்து வெட்டிக் கொடுக்கும். என்னோடு வேலை செய்த ஒரு ஜெர்மன்காரி ஒருநாள் தன் சீட்டைக் காட்டினாள். கோயில் வரி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. “நான் விலகிவிட்டேன்” என்றாள். அன்று என் மண்டைக்குள் ஏறியது இதுதான்: அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஆள் கோயிலில் இல்லை.

இப்போது என் கடிதத்தில் அந்த இடமே இல்லை.

இன்னொரு சமயம் என்றால் பிறகு பார்ப்போம் என்று விட்டிருப்பேன். ஆனால் மூன்று கிழமையில் ஹனோவரில் என் பெறாமகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம். என் தங்கச்சியின் மகள் அவள். நான்தான் ஞானத்தாய் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் கணவர் சைவப் பிள்ளை. ஞானத்தாயாவது கத்தோலிக்கராக இருக்கவேண்டும், அதற்கு ஞானத்தாயின் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று அங்கத்தைய கோயிலில் சொல்லியிருந்தார்கள். கோயில் பதிவில் என் பெயர் இல்லாவிட்டால் அந்தக் குழந்தையின் தலையில் தண்ணீர் விழாது.

“பென்சனிலை ஏன் வரி வெட்டேல்லை?” என்று என் மனிசனிடம் கேட்டேன்.

“வெட்டேல்லை எண்டால் பேசாமல் இரும். தேடிப்போய் வெட்டச் சொல்லப்போறீரே?”

“ஓம், போறன்.”

“உமக்கு விசர்தான்.”

காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு கிழமைக்கு அதையே சொல்லிச் சிரிப்பார்.

முதலில் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நாங்கள் வரி வெட்டுவதில்லை என்றாள் ஒரு பெண். சம்பளத்தில் முதலாளி வெட்டவேண்டும், அது சட்டம். ஓய்வூதியத்தில் அப்படி இல்லை. நீங்கள்தான் வரி அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும், வரி வந்தால் வருடத்தில் நான்கு தடவை முற்பணமாகக் கட்டச் சொல்லுவார்கள் என்றாள்.

“நீங்களே வெட்டும்படி நான் அன்ராக் போட்டால்?”

“அப்படி ஒரு அன்ராக் இல்லை.”

நாய் வளர்க்கவும் வீடு மாறவும் அன்ராக் என்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற நாடு இது. இதற்கு மட்டும் அன்ராக் இல்லையாம். போனை வைத்த பிறகும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. என்னிடம் கேட்காமலே இவ்வளவு காலமும் எடுத்தவர்கள், நானே கொடுக்கிறேன் என்றால் ஏன் வாங்கமாட்டார்கள்? பயம் ஒரு பக்கம் இருக்க, அதை அறிந்தே தீரவேண்டும் என்றும் இருந்தது.

வரி அலுவலகத்தில் சந்திக்க நேரம் கேட்டு ரெர்மின் எடுத்து, தொங்கு ரயிலில் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர். என் கடிதத்தையும் மனிசனின் ஓய்வூதியக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக் கணினியில் தட்டினார். இரண்டையும் சேர்த்தாலும் உங்களுக்கு வரி வராது என்றார், நல்ல செய்தி சொல்லுகிற முகத்தோடு.

“நானாக விரும்பிக் கட்டினால்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் கதிரையில் இருந்து ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எதற்காக?”

மனிசனிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். சம்பளச் சீட்டு, விலகிய ஜெர்மன்காரி, ஹனோவர்க் குழந்தை, எல்லாம். அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கோயில் வரி என்பது வருமான வரியில் ஒரு பங்கு, வருமான வரியே இல்லை என்றால் அதுவும் இல்லை, அவ்வளவுதான் என்றார். பிறகு கேட்டார்.

“விலகுவதற்கு ஆள் நேரில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். நீங்கள் வைத்தீர்களா?”

“நான் ஏன் வைக்கப்போகிறேன்!”

“அப்படியென்றால் நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். பங்குக் கோயில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.”

அங்கேதான் முதலில் போயிருக்கவேண்டும். இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் ஊரெல்லாம் சுற்றினேன். பங்கு அலுவலகத்தில் இருந்த பெண் என் பெயரைத் தட்டினாள். திரையில் என் பெயர், பிறந்த திகதி, ஞானஸ்நானம் பெற்ற இடம். மன்னாரைப் பிழையாக எழுதியிருந்தார்கள், ஆனால் மன்னார்தான். இரண்டு நிமிடத்தில் கடிதம் அச்சில் வந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரமே பெறாமகளுக்குப் போன் எடுத்து, நடந்த கூத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“பெரியம்மா,” என்றாள். “என்ரை சம்பளத்திலையும் கோயில் வரி இல்லை. நான் மூண்டு வருசத்துக்கு முதல் கையெழுத்து வைச்சிட்டன். அம்மாவுக்குத் தெரியாது.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வரி கட்ட விடுங்கோ என்று நான் அலுவலகம் அலுவலகமாக அலைகிறேன், இவள் அதே வரிக்காகப் போய் விலகியிருக்கிறாள். ஒற்றைக்காலில் நின்று என்னைக் கேட்டதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. தாயும் கோயிலில் இல்லை, தகப்பனும் இல்லை, நான் ஒருத்திதான்.

“பிறகேன் பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறாய்?” நான் ஏசத்தான் வாயெடுத்தேன், கேள்வியாகத்தான் வந்தது. உண்மையாகவே எனக்கு அறியவேண்டும் போல் இருந்தது.

“தெரியாது பெரியம்மா. பிள்ளையைக் கையிலை வாங்கினாப்பிறகு வேணும் போலக் கிடந்தது.” பிறகு, “குருவானவர் தாயிட்டையும் ஞானத்தாயிட்டையும் சேத்துக் கேள்வி கேக்கேக்கை நீங்கள் உரத்துச் சொல்லுங்கோ. நான் பொய் சொல்ல ஏலாது. பேசாமல் நிண்டால் அம்மா கண்டுபிடிச்சிடுவா,” என்றாள்.

ஞானஸ்நானத்து ஞாயிற்றுக்கிழமை ஹனோவரில், வெள்ளைச் சட்டையில் குழந்தையை நான் தூக்கி வைத்திருந்தேன். பெறாமகள் என் தோளோடு நின்றாள். தங்கச்சி முன் வாங்கில் இருந்தாள். தந்தையாகிய கடவுளை நம்புகிறீர்களா என்று குருவானவர் ஜெர்மனில் கேட்டார். சமையலறையில் மற்ற மூலைக்குக் கூப்பிடுகிற குரலில் “நம்புகிறேன்” என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அப்படித்தான். குழந்தை திடுக்கிட்டு அழுதது. மூன்றாம் தடவை பக்கத்தில் பார்த்தேன். அவளுடைய உதடுகள் அசைந்தன.

சாப்பாட்டின்போது தங்கச்சி வந்து என் பக்கத்தில் இருந்தாள். “என்னக்கா, கோயிலுக்குள்ளை உப்பிடிக் கத்தினனீங்கள்? என்ரை பிள்ளை சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை.”

“எனக்கும் கேக்கேல்லையடி,” என்றேன்.