பனியின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் போனைக் கையில் பிடிக்கும் உத்தியோகம் என்னுடையது. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும், கால் மணி நேரத்துக்கு, அந்த வீட்டு மேடம் வாங்கி வைத்திருக்கும் அவருடைய போனைக் கொடுப்பார். ரிவர்ஸ்டன் மலை ஏறும் வழியில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலோ, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு மேலே, தண்ணீர்த் தாங்கி பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அப்பாவின் விரலைத் தொடுதிரை மதிக்காது. ஆகவே பதின்மூன்று வயதில் நான் ஆபரேட்டர் ஆனேன்.

யாரும் கொடுக்காத இன்னொரு வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர்கள் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் சண்டை. தன்னைக் கேட்காமல் அம்மா பாஸ்போர்ட் எடுத்தது அப்பாவுக்கு ஆறவே இல்லை. அப்பா குடிப்பதை லயத்து ஆட்கள் அம்மாவுக்குச் சுடச்சுடச் சொல்லிவிடுவார்கள். சண்டை வந்தால் அந்த வாரம் முழுக்க அப்பா என்னோடும் பேசமாட்டார். எனக்கு அந்த மௌனம் பயம். அதனால் காவல் இருந்தேன். அப்பா தோள் துண்டை எடுத்து உதறினால் ஆபத்து. அம்மா, "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று என் பக்கம் திரும்பினால் பேராபத்து. உடனே என் கட்டைவிரல் ஃபிளைட் மோடைத் தட்டிவிடும். "சிக்னல் போச்சுப்பா, பனி" என்பேன். எங்கள் மலையில் பனிக்கா பஞ்சம்? இருவரும் நம்பினார்கள்.

வியாழக்கிழமையே எனக்குப் பயம் தொடங்கிவிடும். சோறு இறங்காது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் ரத்தம் கசியும். பரீட்சைப் பயம் என்றார் வகுப்பு டீச்சர். பரீட்சை முடிந்து ஒரு மாதமாகியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சுகம்கூட விசாரிக்கவில்லை.

"என்னாங்க, மேடம் இன்னைக்கே பதில் கேக்குறாங்க. நான் வந்துரவா, இன்னும் ரெண்டு வருஷம் இருக்கவா? நீங்க சொல்றதுதான்."

அப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"போறப்ப கேட்டியா? இப்ப மட்டும் என்னைய எதுக்குக் கேக்குற?"

"அப்ப கேக்காதது தப்புன்னுதானே இப்ப கேக்குறேன்."

அப்பா துண்டை உதறினார். கழுத்து நரம்பு புடைத்தது. "நான் சொன்னா கேட்டுருவியா நீ? அப்ப கேட்டுக்க, நல்லா கேட்டுக்க..." என்று அவர் கத்தியது தேயிலை மலை முழுக்கக் கேட்டிருக்கும். என் விரல் தானாகத் தட்டியது.

"சிக்னல் போச்சுப்பா."

எதிர் மலையில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பனியென்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

"எடு பாப்பா, திரும்ப எடு!"

எடுப்பதுபோல் திரையைத் தடவிக்கொண்டே நின்றேன். அவர் கோபம் இறங்கட்டும் என்று பத்து நிமிடம் கடத்தினேன். நிஜமாகவே எடுத்தபோது அம்மாவின் போன் அணைந்திருந்தது.

மறுநாள் காலை தாங்கியடிக்குப் போனபோது மேடத்திடம் போனைக் கேட்டு வாங்கி அம்மா இரவில் அனுப்பிய குரல் பதிவு வந்து கிடந்தது. "உங்கப்பா கத்திட்டு, பதில் ஒண்ணும் சொல்லாம வச்சிட்டாரு. நான் வர்றது அவருக்கு இஷ்டமில்ல போல. ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிட்டேன். நீ நல்லா படி பாப்பா."

அப்பா அதை மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது முறை கேட்டதும் அப்படியே கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"வந்துருன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அது சத்தமா வந்துருச்சு."

ஒருவரை வேண்டும் என்று கேட்கும்போதும் குரல் உயரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்படியொரு குரலை எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்டதே இல்லை. சத்தம் என்றால் சண்டை. சண்டையை நிறுத்துவது என் வேலை. அவ்வளவுதான் என் கணக்கு. அப்பா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"பரவாயில்லப்பா. சண்ட பெருசாகக் கூடாதுன்னு நாந்தான் கட் பண்ணினேன்."

அப்பா நிமிர்ந்து, கடித்துப் புண்ணான என் விரல் நுனிகளைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

பாராட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.