கல்யாண கேசட்டில் பேய்ப் படம்

ஆவி, பேய், செய்வினை எதையும் நம்புற ஆளு நான் கிடையாது. பிசிக்ஸ் படிச்சவன். யாராவது புளியமரத்துப் பக்கம் என்னமோ நின்னுச்சுன்னு சொன்னா, எத்தனை மணிக்கு நின்னுச்சு, நீ என்ன குடிச்சிருந்தன்னு கேட்டு அவங்க வாய அடைச்சிருவேன். நீங்களும் என்கிட்ட அப்படித்தான் கேப்பீங்க, தாராளமா கேளுங்க. நடந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி, வெயில் கொளுத்துது, நான் குடிக்கிறதும் இல்ல. இத இத்தனை வருஷம் வெளிய சொல்லாததுக்குக் காரணம் பயம் இல்லைங்க, வெக்கம்.

தொண்ணூறுகள்ல தச்சநல்லூர்ல இருந்தோம். அண்ணனுக்கு சைக்கிள் கடை. நான் படிப்ப முடிச்சிட்டு வேலை கிடைக்காம அவரு சோத்தத் தின்னுக்கிட்டு, அவரு வாங்கின டிவியையும் வீடியோ டெக்கையும் நோண்டிக்கிட்டு இருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். மைனி, அதான் அண்ணன் பொண்டாட்டி, சிரிச்ச முகம். வீட்டுக்கு யாரு வந்தாலும் காப்பியக் கையில குடுத்து கல்யாண கேசட்டப் போட்டு உக்கார வச்சிருவோம், அப்ப எல்லா வீட்டுலயும் அதான் வழக்கம். அந்த கேசட்ல பேச்சுச் சத்தமே இருக்காது. வீடியோக்காரரு அதையெல்லாம் எடுத்துட்டு, தாலி கட்டுறதுலேருந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டா நிரப்பி வச்சிருந்தாரு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேணும்.

ஒம்பது வயசுல ஒரு கறுப்பு வெள்ளை பேய்ப் படத்துக்குப் போய், பாதியில பயந்து வெளிய ஓடியாந்து முறுக்கு விக்கிறவர் பக்கத்துல உக்காந்தவன் நான். அந்தப் படம் கேசட் கடைக்கு வந்துச்சு. மிச்சத்தயும் பாத்து, நமக்கே ஒரு பிரதி எடுத்து வச்சுக்கணும்னு ஒரு வீம்பு. கடைக்காரர்ட்ட இன்னொரு டெக்கு இரவல் வாங்கியாச்சு, வெத்து கேசட்டு வாங்கக் கையில காசு இல்ல. பீரோவத் திறந்தா கல்யாண கேசட்டு. அழிஞ்சிரக் கூடாதுன்னு அதோட முதுகுல இருக்கிற பிளாஸ்டிக் பல்ல வீடியோக்காரரு ஒடச்சுத்தான் குடுத்திருந்தாரு. அந்த ஓட்டைய செல்லோடேப் வச்சு மூடினா மறுபடியும் பதியலாம்னு எனக்குத் தெரியும். படிச்ச படிப்பு அதுக்கு உதவுச்சு. எல்லாரும் பத்து தடவை பாத்தாச்சு, இனி யாரு கேக்கப் போறா, வேணும்னா வீடியோக்காரர்ட்ட இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நெனச்சு ஒட்டினேன். அவரு ஒரிஜினல எப்பவோ அழிச்சிட்டு வேற கல்யாணம் எடுத்துட்டாருன்னு பெறகுதான் தெரிஞ்சுது.

அடுத்த மாசம் விருந்தாளி வந்தப்போ மைனி கேசட்டப் போட்டா, கல்யாண மண்டபத்துக்குப் பதிலா பாழடைஞ்ச பங்களா வருது. படக்குன்னு அணச்சிட்டு, டெக்கு ரிப்பேர்னு சொல்லி அவங்கள அனுப்பிட்டாங்க. எனக்குத் தலை நிமிரல. மைனி சிரிச்சாங்க. “என் கல்யாணத்துல பேய விட்டுட்டியளே கொழுந்தனாரே. உங்க அண்ணன்ட்ட நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், நான் பைய சொல்லிக்கிடுதேன்”னாங்க. சொல்றதுக்குள்ள மஞ்சக்காமாலை வந்துட்டு. ஆஸ்பத்திரில பதினாறு நாள். அவ்வளவுதான்.

முதல் வருஷத் திதி அன்னைக்கு ஆத்துல குளிச்சிட்டு வந்த அண்ணன், ஈர வேட்டியோட நின்னு கேட்டாரு. “அந்த கேசட்ட எடுலே. போட்டோல மூஞ்சி இருக்கு, அவ நடந்து வாறதப் பாக்கணும். சத்தந்தான் அதுலயும் கெடையாது. அவ சத்தமே எனக்கு மறந்துட்டு வருது.”

பூஞ்சை பிடிச்சிருக்குண்ணே, சுத்தம் பண்ணக் குடுத்திருக்கேன்னு கூசாமச் சொன்னேன். அப்புறம் மூணு மாசம், ஆள் ஊர்ல இல்ல, மருந்து வரலைன்னு இழுத்தடிச்சேன். அவரும் நம்பிக்கிட்டு இருந்தாரு.

அப்பதான் ஒரு நப்பாசை. படம் ரெண்டரை மணி நேரம், கேசட்டு மூணு மணி நேரம். கடைசில கொஞ்சம் கல்யாணம் அழியாம கிடக்குமோன்னு. எங்க டெக்குல வேகமா ஓட்டினா டேப்பக் கடிச்சிரும், அதனால முழுப் படத்தையும் உக்காந்துதான் பாத்தாகணும். அண்ணன் ஜங்ஷன் பக்கம் போயிருந்த ஒரு ஞாயித்துக்கிழமை, சன்னலச் சாத்திட்டுப் போட்டேன். பயமே வரல. ஊஞ்சல் தானா ஆடுற இடத்துல கயிறு தெரியுது. இதுக்கா ஓடினோம், இதுக்கா ஒரு கல்யாணத்த அழிச்சோம்னு என் மேலயே எரிச்சலா வந்துச்சு.

ஒரு கட்டம் வரும். பூட்டின கதவுக்கு வெளிய கதாநாயகன் நின்னு, உள்ள யாருன்னு கேப்பான். பதில் இருக்காது, காத்துச் சத்தம் மட்டும் கேக்கும். அந்த இடத்துல, நம்பினா நம்புங்க, டிவிக்குள்ளேருந்து எங்க மைனி பேசினாங்க. இழுத்து, எதிரொலியோட எல்லாம் இல்ல. அடுப்படிலேருந்து கேப்பாங்கல்லா, அதே சாதாரணக் குரல்.

“இன்னும் சொல்லலையா?”

திரும்பினா வாசல்ல அண்ணன். எப்ப வந்தாருன்னு தெரியல, செருப்பக்கூடக் கழட்டல.

“யாருலே பேசுனது?”

அந்த நேரத்துல நான் சொல்லியிருக்கணும். ஆமாண்ணே, மைனி சத்தந்தான், எனக்கும் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை. ஆனா அதச் சொன்னா இது எந்த கேசட்டுன்னும் சொல்லணுமே. “படத்துலதான்ணே”ன்னேன்.

“திருப்பிப் போடு.”

டேப்பக் கடிச்சாலும் பரவால்லன்னு பின்னால ஓட்டினேன். கடிக்கல. மூணு தடவை போட்டோம். கதவு, கதாநாயகன், காத்து. வேற ஒண்ணும் இல்ல. நாலாவது தடவை போடப் போறப்ப அண்ணன் வேண்டாம்னு கையக் காட்டினாரு. எனக்குத்தான் என்னமோ ஆயிட்டுன்னு சொல்லிக்கிட்டே பின்கட்டுக்குப் போய் ரொம்ப நேரம் முகத்தக் கழுவினாரு. தனக்குத்தான் புத்தி பேதலிச்சிட்டுன்னு அவர நம்ப விட்டுட்டேன், இதவிடக் கேவலம் என்ன இருக்கு சொல்லுங்க.

பழைய பதிவு கசிஞ்சிருக்கும்னு நீங்க சொல்லுவீங்க. நானும் அதத்தான் முதல்ல நெனச்சேன். அந்த கேசட்ல வெறும் பாட்டுதான இருந்துச்சு, பேச்சு எங்கேருந்து கசியும்?

மறுநாள் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். படம் முடிஞ்சு நாலு நிமிஷம் கல்யாணம் மிச்சம் இருந்துச்சு. பந்தில மைனி அண்ணனுக்கு லட்டு ஊட்டுறாங்க, பின்னால பாட்டு. அதயாவது காட்டியிருக்கலாம். இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். ரெண்டு மழைக்கு அப்புறம் எடுத்தா நெசமாவே வெள்ளையா பூஞ்சை படர்ந்து டேப்பு ஒட்டிப் போயிருந்துச்சு. அண்ணன் அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் கேசட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, வேற கல்யாணமும் பண்ணிக்கல.

போன வருஷம் அவருக்குக் கண்ணுல ஆபரேசன். சொட்டு மருந்து விட்டுட்டு, அஞ்சு நிமிஷம் கண்ண மூடி இருக்கச் சொன்னேன். அவரு கண்ணு மூடியிருந்த தைரியத்துலதான் எல்லாத்தையும் சொன்னேன். செல்லோடேப் ஒட்டினது, பொய் சொன்னது, அன்னைக்கு மைனி குரல் எனக்கும் கேட்டது, இன்னும் சொல்லலையான்னு கேட்டது, எல்லாம்.

அண்ணன் கண்ணத் திறக்காமலே கேட்டாரு.

“உன்ட்ட அப்படியா கேட்டா?”

“ஆமாண்ணே. உங்களுக்கும் கேட்டுச்சுல்லா.”

“எனக்குக் கேட்டது வேறலே. ‘தம்பிய ஏசாதிய’ன்னா. எதுக்கு ஏசக் கூடாதுன்னுதான் தெரியாம இருந்துச்சு.”

நான் எண்ணிப் பாத்தேன். அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னால, வேலைக்குப் போகலைன்னு என்னைய ஏசாத நாளே கிடையாது அவரு. அதுக்கப்புறம் நான் கடைக் கல்லாவுல கை வச்சப்போகூட, வீட்ட விட்டு ஒரு மாசம் ஓடிப் போனப்போகூட, ஒரு தடவை ஏசினது இல்ல. அது அவரோட நல்ல மனசுன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அஞ்சு நிமிஷம் ஆயிட்டான்னு அவரு கேட்டாரு. மருந்துப் புட்டிய மூடி வச்சிட்டு, ஆயிட்டுண்ணேன்னேன்.