எதை விடுவது என்று அவர் கேட்கவில்லை

பதில் சொல்வதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு மனிதருக்குக் கேள்வி கேட்கத் தெரியாமல் இருக்க முடியும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு ராக் பாடகர்.

கல்லூரி நாட்களில் கோயமுத்தூரில் அவர் பாடி ஒருமுறை கேட்டிருக்கிறேன். தோள்வரை முடி, கறுப்புச் சட்டை, காது கிழியும் கிதார். என்ன பாடினார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட விளங்காது. அதுதான் அவருடைய இசையின் பெரிய பலம் என்று இப்போது புரிகிறது.

பாட்டுக்கு ஆள் குறைந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். கம்பெனி விழாக்களில் தன்னம்பிக்கைப் பேச்சு, ஒரு வார இதழில் கேள்வி பதில், பிறகு அந்தப் பதில்களையே தொகுத்து ஒரு புத்தகம். வேலை பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் ‘நீ ஒரு புயல், புயல் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை’ என்பார். மாமியாரோடு ஒத்துப் போகவில்லை என்று ஒரு பெண் எழுதினால் அவளும் புயல். பரீட்சை பயம் என்றாலும் புயல்தான். படித்த வீடுகளில் எல்லாம் இப்படிப் புயல் அடித்திருந்தால் இந்நேரம் ஒரு கூரைகூட மிஞ்சியிருக்காது.

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு டி-ஷர்ட் வேண்டும் என்று எழுதினால் நான் உடனே ‘சரி’ என்று எழுதிவிட முடியாது. என்ன துணி, அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம், யார் போடுவது, எந்தத் தண்ணீரில் துவைப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்த பிறகுதான் முதல் பதில். ஒரு டி-ஷர்ட்டுக்கே அப்படி.

முதல் தடவை அவர் எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்கு வந்தார். திருப்பூர் பல்லடம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். தொழிலாளர்களுக்கெல்லாம் ‘பயத்தை விடு’ என்று அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட் கொடுத்தோம். அந்த அச்சுக்கு டிசைன் செய்தது என் மகள். மண்ணரையில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறாள். அவருடைய புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். அவளும் அவள் அம்மாவும் விழாவுக்கு வந்திருந்தார்கள்.

அவர் கிதாரை ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தி, “இது பயம்” என்றார். இன்னொரு இழுப்பு. “இது நீ.” எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது. கூட்டம் கைதட்டியது. கடைசியில், யாராவது கேள்வி கேட்கலாம் என்று மைக்கைக் கீழே அனுப்பினார்கள். அதை என் மகள் வாங்கினாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பள்ளியில் படிக்கும்போதே வலிப்பு வந்தது. மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் இந்த ஊரில் பெண்ணுக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் ஜாதகம் கேட்டு யாரும் படியேற மாட்டார்கள். அதனால் திருப்பூர் டாக்டரிடம் போகாமல், ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு கோயமுத்தூர் போவோம். மாத்திரை, கம்பெனிக்குப் பட்டன் போட்டு வரும் பிளாஸ்டிக் ஜிப் பைக்குள் இருக்கும். யாராவது பார்த்தால் சத்து மாத்திரை. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, எங்கள் மூன்று பேருக்குள்ளும்கூட அது சத்து மாத்திரைதான். அந்த மண்டபத்தில் பாதிப்பேர் பங்காளி, மாமன், மச்சான். என் மனைவியின் ஊரான காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒரு குடும்பம் ஜாதகம் கேட்டிருந்தது. அந்த வீட்டு ஆளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளுக்கும் அது தெரியும்.

“சார், எனக்கு ஒரு பழக்கமுங்க” என்றாள். “தினமும் செஞ்சே ஆகோணும். ஒரு நாள் விட்டாலும் என்னமோ ஆயிரும்னு பயமா இருக்குதுங்க. ஊட்டுலயும் உடவே மாட்டேங்கறாங்க. அது இல்லாம என்னால இருக்க முடியுமான்னு தெரியோணுங்க.”

எனக்கு அப்போது உறைக்கவில்லை. யூனிட்டுக்குப் போனதும் ‘வந்து சேந்துட்டேன்’ என்று அம்மாவுக்குத் தினமும் போன் செய்வாள். அதைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த முதலாளி, “நம்ம பாப்பாங்களா? தைரியமா பேசுதுங்க” என்றார்.

மேடையில் இருந்தவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “விட்டுடு!” என்றார். “ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டாத்தான் கால் இருக்கறதே தெரியும். நாளைக்குக் காலையில இருந்து விடு. என்ன ஆகுதுன்னு பாரு. ஒண்ணும் ஆகாது!” கிதார் ஒரு இழுப்பு. மண்டபமே எழுந்து தட்டியது.

‘எதை விடுவதும்மா?’ என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை. காய்கறிக்காரர்கூடக் ‘கத்தரிக்காய்ங்களா, வெண்டைங்களா’ என்று கேட்டுவிட்டுத்தான் தராசை எடுப்பார்.

அவள் விட்டுவிட்டாள். மாத்திரையை.

சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னது சரி என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு முற்பகலில் பிரிண்டிங் யூனிட் மாஸ்டர் எனக்குப் போன் செய்தார். “சார், பாப்பா கீழ விழுந்துருச்சுங்க. வலிப்பாட்டம் இருக்குதுங்க. பயப்படாதீங்க, கையில இரும்பு குடுத்திருக்கோமுங்க.”

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற இடங்களில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். பனியன் கம்பெனியில் எந்நேரமும் எல்லோர் கையிலும் இருக்கும் இரும்பு, பிசிறு நூல் வெட்டும் கத்தரி. யாரோ பதறிப்போய் அதைக் கொடுத்திருக்கிறார்கள். விறைத்த கை அதன் கூர்மையான வாயோடு சேர்த்து இறுக்கிக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அச்சு மேஜைக்குக் கீழே அவள் கிடந்தாள். உள்ளங்கையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கத் துணி கேட்டதும் ஒரு தூத்துக்குடிப் பெண் ஓடிப்போய் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். கறுப்பு டி-ஷர்ட். ‘பயத்தை விடு.’ அச்சில் கோளாறு என்று ஒதுக்கிய பீஸ்.

மற்றதையெல்லாம் ஏளனமாக எழுதிவிட முடிகிறது. இதை முடியவில்லை.

வலது உள்ளங்கையில் தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நான் அந்த ஆளைத் திட்ட ஆரம்பித்தேன்.

“அவருக்கு எப்படீங்கப்பா தெரியும்? நான் மாத்திரைன்னே சொல்லலீங்களே” என்றாள்.

“தெரியாட்டி கேக்கோணுமல்ல கண்ணு?”

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

என் மனைவி ஆரஞ்சுப் பழத்தை உரித்தபடியே, “ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா? பக்கத்துக் கட்டில்ல காங்கேயத்துக்காரங்க இருக்கறாங்க” என்றாள். அந்த நிலைமையிலும் மகள் சிரித்துவிட்டாள். இனி யாரிடம் மறைப்பது? யூனிட் முழுக்கத் தெரிந்தாயிற்று. எண்ணெய் மில் வீட்டிலிருந்து, “இப்போதைக்கு வேண்டாமுங்க, பையன் இன்னும் படிக்கோணுங்கறான்” என்று சொல்லி அனுப்பினார்கள். பையனுக்கு முப்பது வயது.

மகள் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் புத்தகம் தலைமாட்டை விட்டுப் போகவில்லை. எனக்கு அதுதான் பயம். இன்னொரு மேடை, இன்னொரு கிதார் இழுப்பு வந்தால் மறுபடியும் நிறுத்திவிடுவாளோ என்ற பயம்.

இன்னொரு மேடை வந்தது. புது யூனிட் திறப்பு விழாவுக்கு முதலாளி அவரையே கூப்பிட்டிருந்தார். அவர் சொல்லித்தான் என் மகள் மாத்திரையை விட்டாள் என்பது முதலாளிக்குத் தெரியாது. “ஏர்போர்ட்டுக்கு நீங்களே போயிட்டு வந்துருங்க. டிரைவர் மட்டும் போனா மரியாதையா இருக்காதுங்க” என்றார்.

டிரைவரை விட்டுவிட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போனேன். நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டியிருந்தார். முகத்தில் கறுப்புக் கண்ணாடி. கிதாரைப் பின்சீட்டில் உட்கார வைத்து அதற்கு பெல்ட் போட்டுவிட்டார். என் பெயரைக் கேட்கவில்லை. “பிரதர்” என்றார், அதோடு சரி. காரில் ஏறியதும் தன் உழைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கருமத்தம்பட்டி தாண்டியதும் நான் கேட்டுப் பார்த்தேன். “சார், எனக்கு ஒரு சின்னச் சந்தேகமுங்க. ஒரு விஷயத்தைத் தினமும் செய்யலீன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“விட்டுடுங்க பிரதர்!” என்றார். “ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டாத்தான்...”

“கால் இருக்கறது தெரியுமுங்க” என்று நானே முடித்தேன். அவர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். “புக் படிச்சிருக்கீங்க!”

“நான் தினமும் செய்யறது கார் பிரேக்கை அமுத்திப் பாக்கறதுங்க சார். விட்டரட்டுங்களா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, மகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, விழுந்தது, கத்தரி, தையல். அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சாதாரண, வயசான, தூக்கம் கெட்ட மனிதர் இருந்தார். அவிநாசி வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, “இப்ப எப்படி இருக்கா?” என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி. என் கோபம் பாதி இறங்கிவிட்டது. “நல்லா இருக்காளுங்க.”

“இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

எங்கள் மானத்தை நினைத்துக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “இல்லீங்க சார்” என்றேன். மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

மேடையில் விற்கச் சரக்கு புதுசா என்று பார்த்திருக்கிறார்.

மேடையில் ஏறி இரண்டு இழுப்பு இழுத்தார். “இதே ஊர்ல ஒரு பொண்ணு” என்று ஆரம்பித்தார். மகள் எனக்கு முன்வரிசையில் அம்மாவோடு இருந்தாள். வராதே என்று சொல்லியும் வந்திருந்தாள். “என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. பயத்தை விட்டா. விழுந்தா! கை கிழிஞ்சுது! ரத்தம்! ஆனா எழுந்தா! இன்னைக்கு அவ வேலைக்குப் போறா! யாருக்கு இருக்கு அந்தத் தைரியம்?” மாத்திரை என்ற சொல்லை மட்டும் மிகக் கவனமாக எடுத்துவிட்டிருந்தார். பிசிறு வெட்டிய சுத்தமான பீஸ். கிதார் அலறியது. கூட்டம் தட்டியது.

என் மகள் எழுந்தாள். மைக் யாரும் கொடுக்கவில்லை. தையல் தழும்பு தெரியக் கையைத் தூக்கினாள். சத்தம் அடங்கும்வரை அப்படியே நின்றாள்.

“அந்தப் பொண்ணு நாந்தானுங்க சார்” என்றாள். மறுபடி கைதட்டல். அவள் கையை இறக்கவில்லை. “எனக்கு வலிப்பு இருக்குதுங்க. நான் உட்டது மாத்திரைங்க. அதனாலதான் விழுந்தேனுங்க. நானா எந்திரிக்கலீங்க, நாலு பேரு தூக்குனாங்க.” கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “இங்க வேற யாராச்சும் மாத்திரை சாப்புடறவங்க இருந்தா, தயவுசெஞ்சு உட்றாதீங்க.”

உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடையில் இருந்தவர் கிதாரை ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு, “இதுதான் ராக் அண்ட் ரோல்! பலமா ஒரு கைதட்டல்!” என்றார். தட்டினார்கள். அவர்கள் எதற்கும் தட்டுவார்கள். ஆனால் பின்னால் தையல் பகுதிப் பெண்கள் இருந்த பக்கம் தட்டவில்லை. அவர்கள் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் எங்கள் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அக்கவுண்ட்ஸ் அம்மா என் மனைவியின் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். ரசம் ஊற்றியதும், குனிந்த தலையோடு, “எங்க பையனுக்கும் இருக்குதுங்க அக்கா. நீங்க கோயமுத்தூர்ல எந்த டாக்டருங்க?” என்றார். இத்தனை வருஷமாக அவர்களும் ஜவுளி எடுக்கத்தான் போயிருக்கிறார்கள்.

திரும்ப ஏர்போர்ட்டுக்கு டிரைவர் மட்டும் போனார். மரியாதைக் குறைவுதான்.

வார இதழில் அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். விழுவதற்கு அஞ்சாதே, என்னிடம் ஒரு பெண் வந்தாள் என்று ஒரு பதிலில் எழுதியிருந்தார். மகள் அதைப் படித்துவிட்டு, “மாத்திரையவும் கத்தரியவும் உட்டுட்டாரு பாருங்கப்பா” என்றாள். புத்தகம் தலைமாட்டிலிருந்து இறங்கி, கட்டிலின் ஆடும் காலுக்குக் கீழே போயிருக்கிறது. இப்போதுதான் ஊன்றுகோலைப் பற்றி அதற்கு ஏதோ தெரிகிறது.

மாத்திரை இப்போது சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், தன் சொந்த அட்டையிலேயே இருக்கிறது. காலையில் அவள் அதைப் போடும்போது நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீரைக் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள். “இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதுங்களா? பாஸா, பெயிலுங்களா?”

“போ கண்ணு, பஸ் போயிரும்” என்பேன்.

பிறகு கம்பெனிக்குப் போய், முற்பகலானால் என் கை தானாகப் போனை எடுக்கிறது. பிரிண்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு நீலக் கலர் ஷேட் எப்படி வருகிறது, துணியை இழுத்தால் அச்சு வெடிக்கிறதா என்று ஏதாவது கேட்பேன். எங்கள் ஆர்டர் அந்த யூனிட்டில் எதுவும் ஓடாத நாட்களிலும் கேட்பேன். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

“ஷேட் நல்லா இருக்குதுங்க சார்” என்பார். உள்ளே திரும்பிப் பார்ப்பார் போல, கொஞ்சம் இடைவெளி விடுவார். “பாப்பாவும் நல்லா இருக்குதுங்க.”