பழப்புளி பூசிய வில்லுக்கத்தி

மடக்கிப் பொக்கெட்டில் வைக்கிற வில்லுக்கத்தியை வாங்குகிறவர்கள் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். என்ன இரும்பு, கூர் நிற்குமா, ஒரு கையால் திறக்கலாமா என்று விசாரிப்பார்கள். என் விசாரணை வேறு. என் பொக்கெட்டிலிருந்து இதை ஒரு பொலிஸ்காரர் எடுத்தால் என்ன நினைப்பார்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு மருதானையில் கடை கடையாக ஏறி இறங்கி எனக்கு அலுத்தே போய்விட்டது.

சண்டைக் காலத்தில், என் இளவயதில், ஒருமுறை எடுத்தார்கள். வெள்ளவத்தையில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தபோது, தோடம்பழம் உரிக்கவென்று நான் வைத்திருந்த சின்னக் கத்தி அகப்பட்டது. அன்றிரவு பொலிஸ் நிலைய மரவாங்கில் இருந்தபடி, பழம் உரிக்கத்தான், பழம் உரிக்கத்தான் என்று அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தேன். விடிந்ததும் போகச் சொன்னார்கள். கத்தி அங்கேயே நின்றுவிட்டது.

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். இப்போது என் அலுமாரி லாச்சி நிறையக் கத்திகள். ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. எனக்கு இருந்த ஆசை பெரிதல்ல. மற்ற மனிதர்களைப் போல ஒரு கத்தியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு இந்த ஊரில் ஒரு நாள் நடந்து வரவேண்டும். அவ்வளவுதான்.

அதற்கென்று கடைசியாக ஒன்றை வாங்கினேன். கைக்கு அடக்கமானது, நல்ல இரும்பு. ஆனால் அலகு முழுக்கக் கறுப்புப் பூச்சு. ஆமிக்காரரின் சாமான் போல இருந்தது. பல்கனியில் குந்தியிருந்து சொரசொரத்த வோட்டர் பேப்பரால் தேய்த்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலானது. பூச்சுப் போனதும் அலகு பளபளவென்று வந்தது. பார்க்க அதுவும் பயமாகத்தான் இருந்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது இப்பதான் கூடப் பளிச்செண்டு கண்ணில குத்துது. குசினிக் கத்தி மாதிரி இருந்தா ஆர் திரும்பிப் பாக்கப் போகினம்?"

அவளே பழப்புளி கரைத்துத் தந்தாள். அலகில் திட்டுத் திட்டாகப் பூசி, ஊறவிட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவினேன். மாங்காய் வெட்டி வெட்டிக் கறுத்த கத்தி போல ஆகிவிட்டது. இணையத்தில் இந்த வேலை செய்கிறவர்கள் தங்கள் கத்தியைப் பயங்கரமாகக் காட்டப் படாத பாடு படுகிறார்கள். நான் என் கத்தியை அப்பாவியாகக் காட்டப் படாத பாடு பட்டேன். நினைக்கச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் ஓர் அலுவல் இருந்தது. கத்தியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கி நடந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கோயில் திருவிழாவுக்காகத் தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிறு அறுந்து, ஒரு பொலிஸ்காரரின் மோட்டார் சைக்கிள் சில்லில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முழந்தாளிட்டு அதை இழுத்துக்கொண்டிருந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அங்கள், பிஹியக் தியெனவத?"

கத்தி இருக்கிறதா என்று கேட்கிறார். குரலில் ஓர் அதட்டலும் இல்லை. உதவி கேட்கிற பிள்ளையின் குரல். என் கை பொக்கெட்டுக்குள் போய்விட்டது. விரல் கத்தியில் பட்டது.

"நே" என்றேன், இல்லையென்று.

எனக்குப் பின்னால் வந்த ஒருவர் தன் பொக்கெட்டிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். பொலிஸ்காரர் கயிற்றை அறுத்தார், துடைத்துத் திருப்பிக் கொடுத்தார், நன்றி சொன்னார். இருவரும் வெயிலைப் பற்றி ஏதோ கதைத்துக்கொண்டார்கள். நான் கையை வெளியே எடுக்காமலே நடந்தேன். அழவேண்டும் போல இருந்தது.

வீட்டில் மனைவி கதவடியிலேயே நின்றாள்.

"ஆரும் மறிச்சவையோ?"

"இல்லை" என்றேன். "ஒருத்தரும் மறிக்கேல்லை."