மறுகால் ஓடையில் மக்காச்சோளம்

தாலுகா ஆபீஸில் பேரிடர் மேலாண்மை என் பொறுப்பு. இந்த வறண்ட சீமையில் அந்த வேலையைச் சொன்னாலே சிரிப்பார்கள். எந்தக் கரை பலவீனம், பள்ளிக்கூடச் சாவி யாரிடம், எந்த வீட்டில் நிறைமாதக்காரி, ஜேசிபி டிரைவர் கூப்பிட்டால் வருவாரா என்பதையெல்லாம் வெயில் காலத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மழை வந்தபிறகு விசாரித்தால் அது உத்தியோகம் இல்லை, ஒப்பாரி.

நரிக்குடிப் பக்கம் ஒரு ஊர். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிந்து மறுகால் ஓடையில் போக வேண்டும். ஒரு சொட்டுகூட வெளியே போய்விடக் கூடாதென்று உரச்சாக்குகளில் மண்ணை நிரப்பிக் கலிங்கின் மேல் அடுக்கிவிடுவார்கள். தண்ணீருக்கு ஏங்குகிற சனம். அவர்களை வைய எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஊரின் பெரிய சம்சாரி ஒருவர் அந்த ஓடையையே உழுது, குறுக்கே கரை போட்டு, மக்காச்சோளம் விதைத்திருந்தார். இனிச் சாக்குகளை எடுத்தாலும் தண்ணீர் திரும்பிக் கரையடித் தெருவுக்குள்தான் நுழையும்.

மழைக்கு முந்திய கூட்டத்தில் இதைச் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டே எழுந்தார்.

"ஏம்மா, குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல வெள்ளத்துக்கு ஒரு ஆபீசரா? முதல்ல ஒரு கொடைய வாங்கி வச்சுக்கோங்க. நனைஞ்சிறப் போறீக."

கூட்டமே சிரித்தது. அதற்கப்புறம் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையிலிருந்து குரல் வரும்: "ஏலே, வெள்ளத்தம்மா வந்துட்டாக, கொடைய எடுங்கலே!" ஓடையை அளக்க ஆள் அனுப்பினேன், மேலே யாரிடமோ பேசி அதையும் நிறுத்திவிட்டார். நான் பெருந்தன்மைக்காரி இல்லை. அருப்புக்கோட்டையில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கி, ஆபீஸ் பீரோவில் வைத்தேன். அவருக்காகத்தான் வாங்கினேன்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஒரு காலையில் அந்த ஊர்த் தலையாரி போனில் கத்தினார்: "மேடம், கரையில கசியுது!"

ஜேசிபியைக் கிளப்பிக்கொண்டு போனேன். குடையையும் மறக்கவில்லை. முதலில் பள்ளிக்கூடத்தைத் திறந்து கரையடித் தெருச் சனத்தை ஏற்றினோம். நிறைமாதக்காரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அப்புறம்தான் மக்காச்சோளத்துக்கு வந்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் சகதியில் ஓடிவந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"தாயி, கருது ஒடிக்கிற நேரம். எங்கரைய விட்டுட்டு, சாக்க மட்டும் எடுங்க. தண்ணி அங்கிட்டுப் போயிரும்."

"அங்கிட்டு வீடு இருக்குய்யா."

"வீடு என்ன வீடு, ஓட்டு வீடுதான? சர்க்காருல கட்டிக் குடுப்பாக."

கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அத்தோடு போனது. டிரைவரைப் பார்த்து "வெட்டுங்க" என்றேன். அவர் போட்ட கரை உடைந்தது. மக்காச்சோளத்தின் நட்டநடுவே, ஓடை முன்பு ஓடிய அதே தடத்தில் வாய்க்கால் பறித்தார்கள். அதற்குப்பிறகு சாக்குகளை எடுத்தோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்து பயிரை வேரோடு புரட்டியது. விளைந்த பயிர் அழிகிறதே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு மனசு குளிர்ந்தது. என் கடமையை அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் செய்ததில்லை.

கசிவு மெல்ல அடங்கியது. பள்ளிக்கூட வாசலில் நின்று கரையடித் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வரப்பில் நடுங்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய், பிடித்திருந்த குடையை மடக்கி அவர் கையில் வைத்தேன்.

"பிடிங்கய்யா. நனைஞ்சிறப் போறீக."

வாசலில் ஒரு பொம்பளைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரிக்கவில்லை.